அம்மாவுக்கு சுறா புட்டு... பாப்பாவுக்கு வெறும் பருப்புத் தண்ணியா?

காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனை வீடுதான். ஆனால் சென்னையிலிருந்து குளச்சல் வரை, கடற்கரையோரம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஒரு வீடு கண்ணில் படும்.

மருமகளுக்குப் பிரசவமாகி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து மாமியாரின் சமையலறையில் திருவிழா. ஒருநாள் பால் சுறா புட்டு, மறுநாள் காரல் மீன் குழம்பு, அடுத்தநாள் பூண்டு தட்டிப்போட்ட நெத்திலி. “நல்லா சாப்பிடும்மா, அப்பதான் பால் ஊறும்” என்று தட்டில் வைத்துக்கொண்டே இருக்கிறார். மருமகளும் சாப்பிட்டார். பாப்பாவும் கொழுகொழுவென்று ஆறு மாதத்தைத் தாண்டினாள்.

இப்போது பாப்பாவுக்கு ஏழு மாதம். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. பாப்பாவின் கிண்ணத்தில் குழைந்த சோறு, பருப்புத் தண்ணீர், ஒரு சொட்டு நெய். மதியமும் அதுதான், ராத்திரியும் அதுதான்.

“அத்தை, பாப்பாவுக்குக் கொஞ்சம் கிழங்கான் வேக வெச்சு மசிச்சுக் குடுக்கட்டுமா?”

“என்னம்மா நீ... இன்னும் பல்லே மொளைக்கல. மாந்தம் வந்துடும். ஒரு வயசு போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

மருமகள் அதற்கு மேல் பேசவில்லை. குழந்தை வளர்ப்பில் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவரிடம் என்ன வாதாடுவது?

அந்த “ஒரு வயசு போகட்டும்” என்கிற மூணு வார்த்தைதான் இந்த வாரத்து விஷயம். மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, கோழி என்று எதை எடுத்தாலும் இந்தத் தயக்கம் உண்டு. ஆனால், மீனைப் போல மலிவாக, மெத்தென்று, தினமும் வீட்டு வாசலுக்கே வரும் ஒன்றைத் தள்ளிவைப்பதில் இழப்பு அதிகம். அதுவும் மீன் இல்லாமல் சாப்பாடே இறங்காத வீடுகளில்!

மாமியார் சொல்வதில் தப்பே இல்லையா?

ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையிலும், மீனையும் வேர்க்கடலையையும் மூன்று வயது வரையிலும் கொடுக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னது. அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. எட்டே வருடத்தில், 2008-ல் அதே அகாடமி தன் பேச்சைத் திருத்திக்கொண்டது. தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றது.

அதற்குப் பிறகு காற்று எதிர்த்திசையில் அடிக்க ஆரம்பித்தது. ஸ்வீடனின் மேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ஒன்பது மாதத்துக்கு முன்பே மீன் சாப்பிடத் தொடங்கிய குழந்தைகளுக்கு, கரப்பான் எனப்படும் தோல் அழற்சி குறைவாக இருந்தது தெரிந்தது. 2015-ல் லண்டனில் வேர்க்கடலையை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் பெரிய அதிர்ச்சி தந்தது. சீக்கிரமே சாப்பிடத் தொடங்கிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. மீனுக்கும் கடலைக்கும் ஒரே கணக்குப் போட முடியாதுதான். ஆனால் ‘தள்ளிவைத்தால் பாதுகாப்பு’ என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டுவிட்டது.

ஆக, காசிமேட்டு மாமியார் பத்தாம்பசலி என்று சிரிக்க ஒன்றுமில்லை. படித்தவர்கள் நேற்றுச் சொன்னதை அவர் இன்றும் சொல்கிறார். அவ்வளவுதான்.

தாய்ப்பாலுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம்

பிறக்கும்போது குழந்தையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். முதல் பிறந்தநாள் கேக் வெட்டும்போது சுமார் 75. ஒரே வருடத்தில் அரை மடங்கு உயர்வு! அடுத்த வருடத்தில் அதில் பாதி அளவுதான் வளரும். மூளையும் அப்படித்தான். இரண்டு வயது முடிவதற்குள் பெரியவர்களின் மூளை அளவில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடும். வாழ்நாளில் இப்படி ஒரு வேகம் திரும்ப வராது.

முதல் ஆறு மாதம் இந்தக் கட்டடத்துக்கான செங்கல், சிமென்ட் எல்லாவற்றையும் தாய்ப்பாலே தந்துவிடுகிறது. ஆறாவது மாதத்துக்கு மேல் தாய்ப்பால் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. குறிப்பாக இரும்புச்சத்து. வயிற்றுக்குள் இருக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கிச் சேர்த்துவைத்த இரும்பு, ஆறு மாதத்தில் ஏறக்குறையத் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அம்மாவுக்கே ரத்தசோகை இருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ கையிருப்பு அதற்கும் முன்பே காலி.

இன்னொரு சிக்கல், வயிற்றின் அளவு. எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒருவேளைக்குத் தாங்குவது ஒரு டம்ளர் அளவுதான். அந்த டம்ளரை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறைந்துவிடும், பாப்பாவும் தூங்கிவிடுவாள். ‘நல்லா சாப்பிட்டா’ என்று வீடே மகிழும். ஆனால் உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீரும் மாவும். பருப்புத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை தெளிய வைத்துப் பார்த்தால் தெரியும்!

தமிழ்நாட்டின் நிலைமை என்ன? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 51 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. அதாவது ஏறியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரையும், ஏரி குளங்களும், தெருவுக்குத் தெரு மீன்காரம்மாவும் இருக்கிற மாநிலம் இது.

2023-ல் உலக சுகாதார நிறுவனம், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் இணை உணவு பற்றிப் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் ஒரு வரி தெளிவாக இருக்கிறது: இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் குழந்தையின் உணவில் இருக்க வேண்டும். ‘ஒரு வயசு போகட்டும்’ என்று அதில் இல்லை.

மீனுக்குள் என்ன இருக்கிறது?

எளிதில் செரிக்கும் புரதம். பல்லே இல்லாத குழந்தையும் ஈறால் நசுக்கிவிடும். துத்தநாகம், அயோடின், பி12 எல்லாம் உண்டு. இதில் பி12 அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் தேடினாலும் கிடைக்காது. மத்தி, காணாங்கெளுத்தி, நெத்திலி போன்ற கொழுப்பு மீன்களில் டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைய. மூளையும் கண்ணின் விழித்திரையும் கட்டப்படுவதற்குத் தேவையான பொருள் அது.

இரும்பு விஷயத்தில் மீன் ஆட்டு ஈரலுக்கு ஈடாகாது. ஆனால் அது செய்கிற இன்னொரு வேலை சுவாரஸ்யமானது. பருப்பிலும் கீரையிலும் ராகியிலும் இருக்கிற இரும்பை உடல் லேசில் உறிஞ்சாது. அதே கிண்ணத்தில் கொஞ்சம் மீன் இருந்தால், அந்தத் தாவர இரும்பும் கூடுதலாக உள்ளே போகும். பருப்புச் சோற்றை விரட்ட வேண்டியதில்லை. அதில் ஒரு ஸ்பூன் மீனைச் சேர்த்தால் பருப்புக்கே பலம் கூடுகிறது.

சரி, மீன் கொடுத்தால் குழந்தை உயரமாகிவிடுமா?

இதற்கு நேர்மையான பதில், ‘மீன் மட்டும் போதாது.’

தென் அமெரிக்காவின் ஈக்வடாரில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. முட்டை சாப்பிட்ட குழந்தைகளிடம் வளர்ச்சிக்குறைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதே சோதனையை ஆப்பிரிக்காவின் மலாவியில் செய்தபோது, உயரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. என்ன காரணம்? அந்த ஊர் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே பச்சிளம் குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், வளர்ச்சிக்குறைவும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. முட்டை வந்து நிரப்புவதற்குப் பெரிய பள்ளம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மீனுக்கு விளம்பரம் எழுதியதாகிவிடும். 1990-களில் கானா நாட்டில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு நான்கு விதமான கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் மீன் பொடி உண்டு, சிலவற்றில் இல்லை. ஒரு வயதில் அளந்தபோது நான்கு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே வளர்ச்சி. மீன் பொடி சேர்த்ததற்கென்று தனி உயரம் கிடைக்கவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்கு, சுத்தமான தண்ணீர் கிடைக்காத வீட்டில், மீன் வந்து மந்திரம் செய்துவிடாது. ஆனால் மாவுச்சத்தை மட்டுமே நம்பியிருக்கும் கிண்ணத்தில் மற்ற ஓட்டைகளை அடைக்க மீனைவிடச் சுலபமான வழிகள் குறைவு.

வஞ்சிரமா, நெத்திலியா?

‘பாப்பாவுக்கு மொதமொதல்ல கொடுக்கிறோம், நல்ல மீனா வாங்கிட்டு வாங்க’ என்று சொன்னால், அப்பாக்கள் வஞ்சிரத்தோடு வந்து நிற்பார்கள். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மீன் விஷயத்தில் விலைக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை.

டிரினிடாட் தீவில், இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த விஞ்ஞானி சகுந்தலா தில்ஸ்டெட்டின் கதை இதற்கு நல்ல சாட்சி. வங்கதேசக் கிராமங்களில் வேலை செய்தபோது, ‘மோலா’ என்கிற விரல் நீளக் குளத்து மீனைப் பற்றி அங்குள்ள பெண்கள் அவரிடம் பெருமையாகப் பேசினார்கள். ஆனால் குளத்தில் கெண்டை மீன் வளர்ப்பவர்களுக்கு அது களை மாதிரி. விஷம் வைத்துக் கொன்றுவிட்டுத்தான் பெரிய மீன் குஞ்சுகளை விடுவார்கள். தில்ஸ்டெட் அந்தக் குட்டி மீனைப் பரிசோதித்துப் பார்த்தபோது, தலை, கண், முள் என்று முழுசாகச் சாப்பிடப்படுவதால் வைட்டமின் ஏ, இரும்பு, துத்தநாகம், கால்சியம் எல்லாம் பெரிய மீனைவிட அதிகம் என்று தெரிந்தது. பெரிய மீனும் குட்டி மீனும் ஒரே குளத்தில் சேர்ந்து வளரலாம் என்றும் காட்டினார்கள். கர்ப்பிணிகளுக்கு மீன் சட்னி, குழந்தைகளுக்கு மீன் பொடி என்று அந்த வேலை விரிந்தது. 2021-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம்மூர் நெத்திலியும் மத்தியும் அதே கட்சிதான். குட்டி மீன்களுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: பாதரசம் குறைவு. கடலில் சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை அதைவிடப் பெரியது தின்ன, பாதரசம் படிப்படியாக மேலே ஏறுகிறது. நீண்ட காலம் வாழும் பெரிய வேட்டை மீன்களின் சதையில் அது தங்கிவிடும். வளரும் மூளைக்கு அது ஆகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வேண்டாம் என்று ஒதுக்கும் மீன்களில் சுறாவும் வாள்மீனும் இருக்கின்றன. வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தக்கார மீன் ஒன்றும் இருக்கிறது. பெரிய சூரையையும் பாப்பாவின் கிண்ணத்திலிருந்து தள்ளியே வைக்கலாம்.

(சுறா புட்டு சாப்பிடும் புது அம்மாக்களுக்கும் இது பொருந்தும். எப்போதாவது சின்னப் பால் சுறா என்றால் பயப்பட வேண்டாம். வாரம் முழுக்கச் சுறாவே வேண்டாம். பால் ஊறுவதற்கு முதல் காரணம் பாப்பா அடிக்கடி வாய்வைத்துக் குடிப்பதுதான். காரலும் நெத்திலியும் அம்மாவின் உடம்புக்குப் போதும்.)

ஆரம்பத்துக்குக் கிழங்கான், கொடுவா, சங்கரா, கட்டுப்படியானால் வவ்வால் நல்லவை. சதை பூப்போல உதிரும், முள் கண்ணுக்குத் தெரியும். கடல் பக்கம் இல்லாத ஊர்களில் விரால். கட்லா, ரோகு, கெண்டை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றின் சதைக்குள்ளேயே கவட்டை போன்ற மெல்லிய முட்கள் ஒளிந்திருக்கும். பெரியவர்களையே தொண்டையில் பிடித்து உட்காரவைக்கிற ரகம்.

முள், மாந்தம், கவிச்சி

அம்மாக்களின் பயங்களில் முதலாவது முள். இது நியாயமான பயம். குழம்புக்கு மீன் நறுக்கும்போதே பாப்பாவுக்கு ஒரு துண்டைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். குழம்பில் வெந்த மீனைத் தண்ணீரில் அலசிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. கழுவினால் காரம் போகலாம், உள்ளே ஏறிய உப்பு போகாது. தனித் துண்டை ஒரு சிட்டிகை மஞ்சள் மட்டும் போட்டு, இட்லித் தட்டில் ஆவியில் நன்றாக வேகவையுங்கள். ஒரு வயது வரை உப்பே வேண்டாம். ஆறியதும் நல்ல வெளிச்சத்தில், அடர் நிறத் தட்டில் வைத்து, ஸ்பூனால் அல்ல, விரலால் உதிர்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் முள்ளும் விரல் நுனியில் குத்திக் காட்டிக்கொடுக்கும். முதல் சில வாரங்களுக்கு அதையும் டீ வடிகட்டியிலோ சல்லடையிலோ வைத்து ஸ்பூனால் தேய்த்து இறக்கினால் தைரியமாகக் கொடுக்கலாம். வறுத்த துண்டைக் கையில் கொடுத்துக் கடிக்கவிடும் வயது இது இல்லை.

இரண்டாவது, மாந்தம். புது உணவு எதுவாக இருந்தாலும் மலத்தின் நிறமும் வாடையும் இரண்டு நாளைக்கு மாறும். வாழைப்பழம் கொடுத்தாலும் மாறும். மீன் கொடுத்த அன்று மாறினால் மட்டும் பழி மீன் மேல் விழுகிறது. சில சமயம் பழி நியாயமானதாகவும் இருக்கும். காரணம், மீன் பழசு. மத்தி, காணாங்கெளுத்தி, சூரை போன்றவை வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சமைத்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தடித்து, வாந்தி வரும். பார்ப்பதற்கு அச்சு அசல் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். ‘எங்க வீட்டுப் பிள்ளைக்கு மீனே ஆகாது’ என்று சொல்லப்படும் கதைகளில் சில, ஆகாத மீனின் கதைகள்! கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை திரும்ப எழும்பும் மீனாகப் பார்த்து வாங்கி, வந்ததும் சமைத்துவிடுங்கள். 2018-ல் சென்னையிலும் கேரளாவிலும் மீனில் ஃபார்மலின் கலந்த விவகாரம் வெடித்தது பலருக்கு நினைவிருக்கும். ஐஸும் இல்லாமல், வாடையும் இல்லாமல், ஈயும் மொய்க்காமல் நாளெல்லாம் விறைப்பாகக் கிடக்கும் மீனைப் பார்த்தால் நகர்ந்துவிடுவதே நல்லது.

உண்மையான மீன் ஒவ்வாமையும் இருக்கிறது. அரிது, ஆனால் அலட்சியம் கூடாது. அதனால்தான் முதல் மீனைக் காலையிலோ மதியமோ கொடுக்கச் சொல்கிறார்கள். ராத்திரி கொடுத்துத் தூங்கவைக்கக் கூடாது. பாப்பா சளி, காய்ச்சல் இல்லாமல் தெளிவாக இருக்கும் நாளாக இருக்கட்டும். ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய சோற்றோடு கால் டீஸ்பூன் மட்டும். அன்று வேறு புது உணவு வேண்டாம். இரண்டு மணி நேரம் கவனியுங்கள். உதடு, கண் வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அடுத்த வாய் கொடுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறினாலோ, துவண்டு போனாலோ உடனே 108. சில குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துக்கூட கடுமையான வாந்தி வரலாம். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், முட்டையோ பாலோ ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும், குடும்பத்தில் மீன் ஒவ்வாமை இருந்தாலும், ஆரம்பிக்கும் முன்பே குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. இறாலும் நண்டும் தனிக் கணக்கு. மீன் ஒத்துக்கொண்டது என்பதற்காக அவையும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

ஒன்றும் ஆகவில்லையா? மறுநாள் அரை டீஸ்பூன், பிறகு ஒன்று என்று கூட்டலாம். இரண்டு வாரத்தில் ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று டீஸ்பூன் வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் மீன், மற்ற நாள்களில் முட்டை அல்லது இறைச்சி என்று சுற்றி வரலாம். ஒருநாள் கொடுத்துவிட்டு மூன்று மாதம் நிறுத்திவைப்பது மட்டும் வேண்டாம்.

‘பாலும் மீனும் சேர்ந்தா வெண்புள்ளி வரும்’ என்று ஒரு பேச்சு. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. தாய்ப்பால் குடிக்கும் ஏழு மாதக் குழந்தையை எந்த நேரத்தில் பாலிலிருந்து பிரித்து மீன் கொடுப்பது என்று யோசித்தாலே அந்தப் பேச்சு நிற்காது.

கவிச்சி வாடைக்குப் பாப்பா முகம் சுளிப்பாள், துப்புவாள். துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. புது ருசி நாக்குக்குப் பழக எட்டு, பத்து தடவை ஆகும். திணிக்காமல், ஆனால் கைவிடாமல், இரண்டு நாள் விட்டு மறுபடியும் வைத்துப் பாருங்கள்.

கடல் மூடியிருக்கும் நாள்களில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறையும், விலை ஏறும். அந்த நாள்களுக்கு வழி, நெத்திலிப் பொடி.

கருவாடா, குழந்தைக்கா என்று பதற வேண்டாம். உப்புப் போட்டு ஊறவைத்த கருவாடு குழந்தைக்கு ஆகவே ஆகாது, ஊறவைத்துக் கழுவினாலும் சரி. ஆனால் உப்பே போடாமல் வெயிலில் காயவைத்த நெத்திலி கிடைக்கும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். நாக்கு பொய் சொல்லாது. மணலில் காய்ந்ததைவிட வலையிலோ பந்தலிலோ காய்ந்தது உத்தமம். தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, மண் போக மூன்று, நான்கு தண்ணீரில் அலசி, மெல்லிய துணி போர்த்தி மொறுமொறுவென்று காயவைத்து, வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். முள்ளும் சேர்ந்து பொடியாகிவிடுவதால் கால்சியமும் கிடைக்கும். சலித்த பிறகு கப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரம் படாத கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் செய்தால் போதும். பூசணம் பிடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடவும்.

ஒரு கிண்ணம் பருப்புச் சோற்றுக்கோ ராகிக் கூழுக்கோ ஒரு டீஸ்பூன் பொடி. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு இனிப்பாக இருப்பதால் அதோடு மீன் சேராது. அதைக் காலையில் தனியாகக் கொடுத்துவிட்டு, மீனை மதியச் சோற்றில் வைத்துக்கொள்ளலாம். மீன் பொடியை அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்திலேயே சேர்க்க முடியுமா என்று ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். இங்கே அங்கன்வாடிக்கு முட்டை வந்துவிட்டது. மீன் எப்போது வரும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சைவ வீடுகளுக்கு இந்தப் பக்கம் முழுக்க வீணா என்றால், இல்லை. பருப்புத் தண்ணீரை விட்டுப் பருப்பையே மசித்துக் கொடுப்பது, தயிர், வேர்க்கடலை விழுது, கீரையோடு எலுமிச்சைச் சாறு என்று கிண்ணத்தைக் கெட்டியாக்க வழிகள் உண்டு. இரும்புச் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்பது அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

காசிமேட்டு வீட்டுக்கு வருவோம். பாப்பாவின் எடை அட்டையை அங்கன்வாடி டீச்சர் திருப்பிக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வரை பச்சைக் கட்டத்தில் ஏறிய கோடு, இப்போது தரையோடு படுத்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. கிண்ணத்தில் என்ன போகிறது என்றுதான் டீச்சர் கேட்கிறார். மருமகள் மாமியாரைப் பார்க்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியார் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை, மீன்காரம்மாவிடம் கிழங்கானைப் புரட்டிப் புரட்டிச் செவுளைப் பார்த்து வாங்குவது மாமியார்தான். அந்தத் தெருவில் முள் எடுப்பதில் அவர் கைக்கு ஈடு இல்லை. ஆவியில் வெந்த துண்டை எவர்சில்வர் தட்டில் வைத்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்ததும், அவர் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொள்கிறார்.

“குடும்மா இப்படி. இருட்டுல உட்கார்ந்து முள்ளு எடுப்பாங்களா? அந்தக் கறுப்புத் தட்டை எடுத்துக்கிட்டு வாசப்பக்கம் வா.”